லாரி ஓட்டுநரின் சாப்பாட்டு வரிக்கழிவு: ரசீதுக்குப் பதில் பயணப் பதிவு

அமெரிக்காவில் சுயதொழிலாக ஒப்பந்த லாரி ஓட்டுபவர்கள், சாப்பாட்டு ரசீதுகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக, மின்னணுப் பயணப் பதிவை மாதந்தோறும் தரவிறக்கி வைத்துக்கொண்டு நாள்படி முறையில் (உண்மைச் செலவுக்குப் பதில் நாளுக்கு ஒரு நிலையான தொகை) வரிக்கழிவு கோரலாம். 2024 அக்டோபர் முதல் உள்நாட்டு நாள்படி 80 டாலர். பிற தொழில்களில் பெரும்பாலும் பாதிதான் கழியும் என்றிருக்க, பணிநேரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஓட்டுநருக்கு 80 விழுக்காடு, அதாவது 64 டாலர், கழியும். வண்டியிலேயே சமைத்து 25 டாலரில் ஒரு நாளை ஓட்டினாலும் தொகை குறையாது என்பதுதான் இதில் உண்மையான லாபம். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் பொதுவாக முக்கால் நாளாகக் கணக்காகும். நிறுவனங்கள் பயணப் பதிவை 6 மாதம் வைத்திருந்தாலே போதும் என்பதால், வரி தணிக்கைக்கு உங்கள் கைவசம் நகல் இருக்க வேண்டும்.

சம்பளத்துக்கு ஓட்டுபவர்களுக்கும், அன்றிரவே வீடு திரும்புபவர்களுக்கும், நிலையான இருப்பிடமே இல்லாமல் வண்டியில் வாழ்பவர்களுக்கும் இது பொருந்தாது. தங்கும் விடுதிச் செலவுக்கோ ரசீது கட்டாயம்.