டிவியை ஆங்கிலத்தில் திட்டுவது எப்படி?

இடியட் பாக்ஸ் எல்லோருக்கும் தெரியும். முட்டாள் பெட்டி என்று எழுதி எழுதி அது தமிழாகவே ஆகிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் டிவிக்கு இன்னும் நிறைய வசைப்பெயர்கள் இருக்கின்றன, எந்த ஊர்க்காரரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் எடுத்துவிட்டால் சிரிப்பு நம்மைப் பார்த்துத்தான் வரும்.

முதலில் ஒன்றை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். திட்டப்போவது பெட்டியையா, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரையா? இடியட் பாக்ஸில் இருக்கும் வில்லங்கமே இதுதான். முட்டாள்தனமான பெட்டி என்றும் கொள்ளலாம், முட்டாள்கள் பார்க்கும் பெட்டி என்றும் கொள்ளலாம். மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று இதைச் சொன்னால், அவர் இரண்டாவது அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்வார், அப்புறம் ராத்திரி தோசைக்குச் சட்னி வராது.

யாரையும் புண்படுத்தாமல் கிண்டல் செய்ய வேண்டுமா, பிரிட்டிஷ்காரர்களின் காகிள் பாக்ஸ் நல்லது. காகிள் என்றால் கண்ணை அகல விரித்து முழித்துப் பார்ப்பது. சேனல் 4 இந்தப் பெயரிலேயே 2013-இல் ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஜனங்கள் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள், அவர்கள் பார்ப்பதை நாம் டிவியில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நிகழ்ச்சி. டெலி என்பதைச் சிலர் திட்டு என்று நினைக்கிறார்கள், அது செல்லப்பெயர்.

கொஞ்சம் காரமாக வேண்டுமென்றால் அமெரிக்கர்களின் பூப் டியூப். இங்கே பூப் என்றால் மண்டு, டியூப் என்பது பழைய டிவிக்குள் இருந்த பிக்சர் டியூப். இதை லண்டனில் சொல்லாதீர்கள். அங்கே பூப் டியூப் என்பது பெண்கள் போடும், தோள்பட்டை இல்லாத ஒரு இறுக்கமான மேல்சட்டை. வெறும் டியூப் என்று சுருக்கினாலும் தப்பாது, "ராத்திரி முழுக்க டியூபில் இருந்தேன்" என்றால் சுரங்க ரயிலில் மாட்டிக்கொண்டீர்களா என்று பாவப்படுவார்கள். இத்தனைக்கும் இன்றைய தட்டை டிவியில் டியூபே கிடையாது, பெயர் மட்டும் யூடியூபில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது.

பார்ப்பவரையே திட்ட வேண்டும் என்றால் கவுச் பொட்டேட்டோ. இது பூப் டியூபின் பேரப்பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது. பூப் டியூப் பார்ப்பவர் பூப் டியூபர். ஆங்கிலத்தில் டியூபர் என்றால் கிழங்கு. கிழங்கு என்றால் உருளைக்கிழங்கு, அதைத் தூக்கிச் சோபாவில் வைத்துவிட்டார்கள். 1970-களில் கலிபோர்னியாவில் ஒரு நண்பர் கூட்டம் விளையாட்டாக ஆரம்பித்தது. 2005-இல் பிரிட்டனின் உருளைக்கிழங்கு விவசாயிகள், எங்கள் கிழங்கின் மானம் போகிறது, ஆக்ஸ்போர்டு அகராதியிலிருந்து இதை எடுங்கள் என்று பதாகை பிடித்துப் போராட்டமே நடத்தினார்கள். மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்கவும்: தமிழில் கிழங்கு மாதிரி இருக்கிறான் என்றால் திடமாக இருக்கிறான் என்று பாராட்டு, அதனால் சோபாக் கிழங்கு என்றெல்லாம் முயற்சி செய்ய வேண்டாம்.

கட்டுரையிலோ மேடையிலோ கௌரவமாகத் திட்ட வேண்டியிருந்தால் வாஸ்ட் வேஸ்ட்லேண்ட், பரந்த பாழ்நிலம். 1961 மே 9 அன்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ, ஒளிபரப்பு முதலாளிகள் கூடியிருந்த கூட்டத்திலேயே போய் நின்று, ஒரு நாள் முழுக்க உங்கள் நிலையத்தின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள், பாழ்நிலம்தான் தெரியும் என்றார். டிவி நன்றாக இருக்கும்போது அதைவிட நல்லது எதுவும் இல்லை என்றும் அதே பேச்சில் சொன்னார், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பெட்டியையும் விட்டுவிட்டு, பார்ப்பவரையும் விட்டுவிட்டு, நடத்துபவரைத் திட்டிய ஒரே வசை இதுதான் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை. டிவிக்காரர்கள் சும்மா விடுவார்களா? 1964-இல் கில்லிகன்ஸ் ஐலண்ட் என்ற காமெடித் தொடரில் தீவில் மோதி உடையும் படகுக்கு, எழுத்தை லேசாக மாற்றி, அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

தமிழிலேயே திட்டினால் போதும் என்றால் இத்தனை பாடுபட வேண்டாம், தொலைக்காட்சியில் ஒரே ஒரு 'ல்' சேர்த்தால் தொல்லைக்காட்சி. இதை மட்டும் ஆங்கிலத்தில் விளக்கப் போகாதீர்கள், நான் ஒருமுறை முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.