இங்கிலாந்தில் முதுகெலும்பு முள்ளுக்குச் சிகிச்சை: புதிதாக வந்தவர்களுக்கு

முதுகெலும்பு முள் என்பது முதுகெலும்பின் ஓரத்தில் கூடுதலாக வளரும் எலும்பு. இதற்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுடன் நேரே எலும்பு டாக்டரைப் பார்ப்பது ஊர் வழக்கம். இங்கே என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையில் முதல் படி ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர்தான். வலி வரட்டும் என்று இருக்காமல், வந்த வாரமே வீட்டுக்கு அருகிலுள்ள ஜி.பி. கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் அப்போதே சொல்லிவிடுங்கள், கட்டணம் கிடையாது. பிள்ளைகளை வைத்துப் பேச வேண்டாம். சிறுநீர், மலம் பற்றிக் கேட்பார்கள்; பிள்ளை முன்னால் பெற்றோர் மழுப்பிவிடுவார்கள்.

முதுகுவலி என்றால் பல கிளினிக்குகளில் முதலில் பார்ப்பவர் பிசியோதெரபிஸ்ட், அதாவது பயிற்சி மூலம் சிகிச்சை தருபவர். பல ஊர்களில் ஜி.பி.யைப் பார்க்காமலே பிசியோவுக்கு நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அவரிடம் "எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று தொடங்காதீர்கள். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இந்த முள் இருக்கும். பெரும்பாலும் அது தொந்தரவு செய்வதில்லை. நரம்பை அழுத்தினால்தான் சிக்கல். அதனால் நரம்பு என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்: வலி பிட்டத்திலிருந்து எந்த விரல்வரை இறங்குகிறது, எத்தனை நிமிடம் நடந்தால் கால் கனக்கிறது, கடையில் டிராலிமேல் குனிந்து நடந்தால் குறைகிறதா. குனிந்தால் குறையும் வலி, நரம்புகள் செல்லும் குழாய் சுருங்கியிருப்பதற்கான முக்கிய அடையாளம். ஸ்கேன் உடனே எழுத மாட்டார்கள். ஊசியோ அறுவையோ தேவைப்படலாம் என்ற கட்டத்தில்தான் அது வரும்.

முள்ளைக் கரைக்கும் மாத்திரையும் இல்லை, தைலமும் இல்லை. பயிற்சிதான் அடிப்படை. வலி சற்றுத் தணிந்ததும் அதை விட்டுவிடுவதால்தான் பலருக்கு மறுபடி வருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாவது விடாமல் செய்யுங்கள். வலிக்குக் கடையில் வாங்கும் ஐபுரோஃபென் 200 மி.கி. என்றால் ஒரு நாளில் ஆறு மாத்திரைக்கு மேல் கூடாது, சாப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அதைத் தொடவே வேண்டாம்.

நரம்பு வலிக்கு ஊரில் தாராளமாக எழுதித்தரும் பிரிகாபலினும் கபாபென்டினும் இங்கே 2019 ஏப்ரல் முதல் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு அவற்றைத் தர வேண்டாம் என்பதே இங்குள்ள வழிகாட்டுதல். கொண்டுவந்தால் மருந்தின் பெயர், அளவு குறித்த டாக்டர் கடிதத்தைக் கூடவே வைத்திருங்கள். தீர்ந்துபோனதும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். படிப்படியாகக் குறைக்க ஜி.பி. வழி சொல்வார்.

மாதக்கணக்கில் முயன்றும் நடக்க முடியவில்லையென்றால், நரம்பை அழுத்தும் எலும்பையும் தடித்த தசைநாரையும் அகற்றும் டிகம்ப்ரஷன் அறுவை உண்டு. கால்வலிக்கு அது நன்றாகவே கைகொடுக்கும். முதுகுவலியும் போய்விடும் என்று நம்பிப் படுக்காதீர்கள்.

வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் ஏழு நாளுக்கு உடம்பு சரியில்லை என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்குமேல் ஃபிட் நோட் என்னும் மருத்துவச் சான்று வேண்டும். 2022 ஜூலை முதல் பிசியோதெரபிஸ்டும் அதைத் தரலாம். பாரம் தூக்கும் வேலையென்றால் மாற்று வேலை தரும்படி அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ நடை தள்ளாடினாலோ கழுத்தில் தண்டுவடம் அழுந்துகிறதோ என்று பார்க்க வேண்டும். பிசியோ வரிசையில் காத்திராமல் அன்றே ஜி.பி.யை அழையுங்கள். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது, மலம் தெரியாமல் போவது, இரண்டு காலும் பலமிழப்பது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் உடனே ஏ அண்ட் இ என்னும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது ஆம்புலன்ஸுக்கு 999ஐ அழையுங்கள். நேரம் கடந்தால் நரம்பு மீளாது. அங்கே "முதுகுவலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். மரத்துப்போனதையும் சிறுநீர் வராததையும் முதலில் சொல்லுங்கள்.