தெரு மரத்தைக் காப்பாற்றக் கிளம்புவோர் செய்யும் தவறுகள்

சென்னைத் தெருக்களில் மழைக்காலம் நெருங்கும்போது மழைநீர் வடிகால், கேபிள், நடைபாதை என்று ஏதாவது ஒரு வேலை தொடங்கிவிடும். கூடவே மரங்களைக் காப்பாற்ற ஒரு புது வாட்ஸ்அப் குழுவும் தொடங்கும். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒரு தெருவில் செய்த தவறை அடுத்த தெருவும் அச்சுப் பிசகாமல் செய்கிறது. மரத்தில் ஆணி அடிக்காதே, வேரில் வெந்நீர் ஊற்றாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு இறங்குகிறவர்களே எங்கே தவறுகிறார்கள் என்பதை மட்டும் பார்க்கலாம்.

யாருடைய மரம் என்று தெரியாமல் மனு கொடுப்பது

மாநகராட்சித் தெருவில் நிற்கும் மரத்துக்கு மண்டல அலுவலகமும் பூங்காத் துறையும் பொறுப்பு. அதே வார்டில் ஓடும் மாநில நெடுஞ்சாலையின் ஓரத்து மரம் நெடுஞ்சாலைத் துறையுடையது. மின்வாரிய ஆட்கள் கம்பியில் உரசும் கிளையைக் கழிக்கலாமே தவிர, மரத்தை அடியோடு வெட்ட முடிவெடுப்பது அவர்கள் வேலையல்ல. பொது இடத்து மரங்களை வெட்டுவது பற்றிய கோரிக்கைகளைப் பரிசீலிக்க 2021-இல் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைக்கப்பட்டது. ஆட்கள் ரம்பத்தோடு வந்து நின்றால் வாய்ச்சண்டையில் இறங்க வேண்டாம். “பசுமைக் குழுவின் அனுமதி நகல் எங்கே? எந்தெந்த மரத்துக்கு?” என்று கேளுங்கள். நகலில் உள்ள மரங்களின் எண்ணிக்கையும் அடிமரத்தில் பெயின்டால் எழுதிய எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். மூன்று மரங்களுக்கு அனுமதி வாங்கிவிட்டு நான்காவதில் கை வைக்கும் இடம் இதுதான்.

மொட்டையாக மனு எழுதுவது

“எங்கள் தெருவில் பழமையான மரங்கள் வெட்டப்பட உள்ளன, தடுத்து நிறுத்தவும்” என்ற மனுவை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, என்ன மரம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர், கட்டையில் பொந்து அல்லது காளான் உண்டா, மரத்தைத் தாண்டி நடக்க எவ்வளவு அகலம் மிஞ்சுகிறது. அளவு நாடா மரத்தைச் சுற்றியிருக்கும்போதே ஒரு படம், அடிமரமும் தரையும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம். இந்த வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். இதன் முழுப் பயனும் அடுத்த தவறைப் படித்தால் புரியும்.

ரம்பத்துக்குக் காத்திருந்து பள்ளத்தைக் கோட்டைவிடுவது

இதைப் பார்க்கும்போதுதான் இன்றும் பொறுக்க முடிவதில்லை. மரம் வெட்ட ஆள் வந்தால் தெருவே திரள்கிறது. அதே மரத்திலிருந்து இரண்டடி தள்ளி ஜேசிபி பள்ளம் தோண்டும்போது, வண்டி எடுக்க வழியில்லை என்பதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த மரத்தின் கதை அன்றைக்கே முடிந்துவிடுகிறது.

மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் மண்ணுக்குள் பக்கவாட்டில் பரவியிருக்கும். ஆணிவேர் ஆழத்தில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பது வளர்ந்த தெரு மரத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. காற்று ஒரு பக்கம் தள்ளும்போது, காற்று வரும் பக்கத்து வேர்கள்தான் மரத்தைச் சாயாமல் இழுத்து நிறுத்துகின்றன. தெரு மரத்துக்கு ஒரு புறம் தார்ச்சாலை, மறுபுறம் வீட்டுச் சுவரின் அஸ்திவாரம். வேர்கள் தெருவின் நீளவாக்கிலும், கிடைத்த மண்ணிலும்தான் ஓடியிருக்கும். வடிகால் கோடும் அதே மண்ணில்தான் வருகிறது. ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாக நேர்கோட்டில் வெட்டினால் ஒரு பக்கத்துப் பிடிமானம் மொத்தமும் போய்விடும்.

கொடுமை என்னவென்றால், மரம் உடனே வாடாது. “பச்சையாத்தானே நிக்குது சார்” என்பார் ஒப்பந்ததாரர். சேமித்த சத்தை வைத்து அது சில மாதங்கள், சில சமயம் ஓரிரு ஆண்டுகூடப் பச்சையாகவே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறி, கூடவே காற்றும் அடித்தால் சாயும். பிறகு அதையே காட்டி, அதே வரிசையில் மிச்சமிருக்கும் மரங்களும் ‘ஆபத்தானவை’ பட்டியலில் ஏறும். 2022 ஜூனில் கே.கே. நகரில் காரின் மீது மரம் சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். அருகே வடிகால் பணி நடந்துகொண்டிருந்தது. விபத்துக்கு அதுதான் காரணம் என்பதை மாநகராட்சி மறுத்தது. இப்படி ஒரு கேள்வி எழும்போது, வேலை தொடங்கும் முன் எடுத்துவைத்த அளவு இல்லாவிட்டால் எந்தத் தரப்பும் எதையும் நிறுவ முடியாது.

எனவே ஜேசிபி வருவதற்கு முன்பே உதவிப் பொறியாளரிடம் வடிகால் செல்லும் கோட்டின் வரைபடத்தைக் கேளுங்கள். தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தால் அதுவே போதும். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 188 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தூங்குமூஞ்சி மரத்துக்கு விட்டம் 60. விட்டத்தைப் போல் 12 மடங்கு, அதாவது 7.2 மீட்டர் ஆரம், மரத்துக்கு முழுப் பாதுகாப்பு எல்லை. நம் தெருக்களில் அது கிடைக்காது. ஆனால் 3 மடங்கு, அதாவது 1.8 மீட்டர், விட்டுக்கொடுக்கவே கூடாத எல்லை. மரத்தைத் தாங்கி நிற்கும் தடித்த வேர்கள் அதற்குள்தான் இருக்கின்றன. கோடு அதற்குள் வந்தால் எழுத்துமூலமாக மாற்று கேளுங்கள்: மரம் வரும் இடத்தில் மட்டும் வடிகாலைச் சாலைப் பக்கம் நகர்த்தலாம், பெட்டி வடிகாலுக்குப் பதில் அந்த நாலைந்து மீட்டருக்குக் குழாயை வேர்களுக்கு அடியில் செலுத்தலாம், அகலத்தைக் குறைக்கலாம். தளமட்டம் போட்டு கான்கிரீட் ஊற்றிய பிறகு கேட்டால் எதுவும் நடக்காது.

எல்லைக்கு வெளியே தோண்டும்போதும், மரத்துக்கு அருகில் கடப்பாரையும் மண்வெட்டியும்தான் இறங்க வேண்டும். ஜேசிபி வாளி வேரை அறுப்பதில்லை, பிடுங்குகிறது. பள்ளத்துக்குள் குனிந்து பாருங்கள்: வேரின் முனை தேங்காய் நார்போலப் பிரிந்திருக்கும், பட்டை அடிமரத்தை நோக்கி ஒரு முழத்துக்கு உரிந்திருக்கும். அழுகல் அந்தக் கிழிசல் வழியாகத்தான் ஏறுகிறது. கட்டைவிரலைவிடத் தடித்த வேரை, அதாவது 25 மில்லிமீட்டருக்கு மேல், வெட்டாமல் அதன் அடியில் மண்ணை எடுக்கச் சொல்லுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் கைரம்பத்தால் நறுக்கென்று ஒரே வெட்டு. திறந்து கிடக்கும் வேர்களை ஈரச் சாக்கால் மூடிவைத்து, கூடிய சீக்கிரம் மண்ணால் நிரப்ப வேண்டும், கட்டட இடிபாட்டால் அல்ல.

இன்னொன்று. மின்கம்பிக்காகக் கிளைகளை ஒரு பக்கம் மட்டும் மொட்டையடித்திருப்பார்கள். பாரம் எதிர்ப் பக்கம் சாய்ந்திருக்கும். பாரம் சாயும் திசைக்கு எதிர்ப் பக்கத்து வேரை வடிகால் வெட்டினால், அந்த மரத்தை அந்த மழைக்கே நம்பக் கூடாது. அப்படிப்பட்ட மரத்தை உடனே ஆய்வு செய்யச் சொல்லி, தேவையென்றால் பாரத்தைக் குறைக்க நீங்களே மனு கொடுங்கள்.

அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட்

சுற்றிலும் ஒரு மீட்டர் மண் திறந்திருக்க வேண்டும். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லிக்குச் சொன்ன அளவும் அதுதான். கார் ஏற நீங்கள் போட்ட சரிவு அதற்குள் வந்தால் முதலில் அதை உடையுங்கள்.

எல்லா மரத்துக்கும் ஒரே குரல் கொடுப்பது

உண்மையிலேயே ஆபத்தான ஒரு மரத்துக்காகப் பிடிவாதம் பிடித்தால், மற்ற பத்து மரங்களுக்காக நீங்கள் சொல்லும் பேச்சும் எடுபடாது. அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான், சாய்வுக்கு எதிர்ப் பக்கம் மண்ணில் புது வெடிப்பு, வேர்ப்பகுதி தரையோடு எழும்பியிருத்தல் ஆகிய மூன்றும் கவலைப்பட வேண்டியவை. பொந்து மட்டும் இருந்தால் வெட்டக் காரணமாகாது. பொந்தைச் சுற்றி மிஞ்சிய நல்ல கட்டையின் தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறதா என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. விட்டம் 60 என்றால் சுற்றிலும் 10 சென்டிமீட்டர். பொந்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தால் இந்தக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

‘மரத்தின் விலை 74,500 ரூபாய்’

2021-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நிபுணர் குழு, மரத்தின் மதிப்பைக் கணக்கிட அதன் வயதை ஆண்டுக்கு 74,500 ரூபாயால் பெருக்கலாம் என்று அறிக்கை தந்தது. அது குழுவின் கணக்கு, சட்டம் அல்ல. மனுவில் அதைச் சட்டம்போல எழுதினால் முதல் பதிலிலேயே அடிபட்டுப் போகும்.

தகவல் உரிமை மனுவை மட்டும் நம்புவது

பதிலுக்கு 30 நாள். ரம்பத்துக்கு அரை மணி நேரம்.

‘வேறு இடத்தில் நட்டுவிடுகிறோம்’ என்றதும் கலைந்துபோவது

பெயர்த்து நட வேண்டுமென்றால் விட்டத்தைப் போல் 10 மடங்கு அகலத்துக்கு வேரோடு மண் உருண்டை எடுக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் மரத்துக்கே 3 மீட்டர் உருண்டை. கேபிளும் குடிநீர்க் குழாயும் ஓடும் தெருவில் அதை எங்கிருந்து எடுப்பது? முன்கூட்டியே வேரைப் பகுதி பகுதியாக வெட்டிப் புது வேர் விடவும் மாதக்கணக்கில் நேரம் தேவை. அரசும் ஆலும் இதைத் தாங்கும். வளர்ந்த மயில்கொன்றை தாங்குவது அரிது. ஒன்றுக்குப் பத்து கன்று என்று சொன்னாலும் அதே கறார் வேண்டும்: எந்த இடம், எந்த மாதம், என்ன கன்று, கூண்டு உண்டா, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். புங்கன், மகிழம், வேம்பு எதுவானாலும் ஆறடிக்குக் குறையாத கன்றாகக் கேளுங்கள். அதே தெருவில் இடமிருந்தால் அந்த இடத்தைக் கதவு எண்ணோடு மனுவிலேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.