உறுதி வாடகை தரும் வீட்டை வாங்குமுன், விற்கும் நிறுவனத்தைச் சோதிப்பது எப்படி?

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை போன்ற பகுதிகளில், வாடகைக்கு ஆள் வைத்து, வசூலும் பழுதுபார்ப்பும் தங்கள் பொறுப்பு என்று சொல்லி அடுக்குமாடி வீடுகளை விற்கும் நிறுவனங்கள் உண்டு. வீட்டுக்கு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில ஆண்டுகளுக்கு மாதம் இவ்வளவு வாடகை நிச்சயம் என்று அவை தரும் வாக்குதான் உறுதி வாடகை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கு இது வசதியாகத் தோன்றுகிறது. விற்பவரும் நிர்வகிப்பவரும் ஒருவராகவே இருப்பதால், வீட்டைப் போலவே நிறுவனத்தையும் தோண்டித் துருவிப் பார்த்தாக வேண்டும்.

முதலில் உறுதி வாடகையின் கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டடத்தில் 60 லட்சத்துக்குக் கிடைக்கும் வீட்டுக்கு நிறுவனம் 70 லட்சம் கேட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 35,000 ரூபாய் உறுதி தருகிறது என்று கொள்வோம். அங்கே நடப்பு வாடகை 20,000 ரூபாய் என்றால், மிகையாக வரும் 15,000 ரூபாய் 36 மாதங்களில் 5,40,000 ஆகிறது. நாம் கூடுதலாகக் கொடுத்த 10 லட்சத்திலிருந்து எடுத்து நமக்கே தந்துவிட்டு, மீதியை நிறுவனம் வைத்துக்கொள்கிறது. வாடகை என்ற பெயரில் வருவதால் அதை வருமானக் கணக்கிலும் நாம் காட்ட வேண்டும். ஆகவே நடப்பு வாடகையை நிறுவனத்திடம் கேட்காமல், அதே கட்டடத்தின் காவலாளியிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் விசாரியுங்கள். உறுதிக்காலம் முடிந்த பழைய வாங்குநர்கள் சங்கத்தில் இருந்தால் அவர்களிடம் கட்டாயம் பேசுங்கள்; நிறுவனமே அறிமுகப்படுத்தும் வாடிக்கையாளரைவிட அவர்கள் சொல்வது பயன்படும்.

வாடகைதாரர் ஏற்கெனவே குடியிருக்கிறார் என்றால், ஒப்பந்தத்தையும் வாடகை வந்ததற்கான ஓராண்டு வங்கிக் கணக்கு விவரத்தையும் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மின்கட்டணப் பட்டியல்களையும் வாங்கிப் பார்ப்பது நல்லது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் ஓடிய யூனிட்டுகள் மிகக் குறைவாக இருந்தால், அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்ற ஐயம் நியாயமானதே.

அடுத்து ஆவணங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டம், வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் பதிவு பெற்ற பின்னரே விளம்பரப்படுத்தப்பட வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்ப்பதோடு, நிறுவனத்துக்கு எதிரான உத்தரவுகளையும் தேடுங்கள். கட்டுநர் வேறு, விற்பவர் வேறு என்றால், விற்பவர் முகவராகப் பதிவு பெற்றவரா என்பதும் முக்கியம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல், விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் முன்பணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை; வற்புறுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்கள், பட்டா, பணி நிறைவுச் சான்றிதழ் ஆகியவற்றை நிறுவனம் பரிந்துரைக்காத வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் நம் வீட்டுக்கு உரிய பங்கு, எவ்வளவு என்பதையும் பாருங்கள். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில், சொத்தின் மீது வாங்கிய கடன், இயக்குநர்கள், அவர்களுடைய மற்ற நிறுவனங்கள் ஆகிய விவரங்கள் கிடைக்கும். வாடகை உறுதி என்பது அந்த நிறுவனத்தின் வாக்கு மட்டுமே என்பதால், கடனில் மூழ்கிய நிறுவனத்திடம் அதைக் கோரி வாங்குவது கடினம்.

கடைசியாகப் பராமரிப்பு ஒப்பந்தம். கட்டணம் எவ்வளவு, வீடு காலியாக இருக்கும் மாதங்களில் யார் பொறுப்பு, எத்தனை நாள் அறிவிப்பில் நாம் விலகலாம் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை ஒட்டி, தங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வழக்கம். அதில் விற்கும் அதிகாரமும் அடமானம் வைக்கும் அதிகாரமும் ஒருபோதும் இடம்பெறக் கூடாது. வாடகை வசூலிக்கவும் பழுது பார்க்கவும் மட்டும் உரிய தனி அதிகாரப் பத்திரமே போதும், அதையும் நிறுவனத்துக்கு அல்லாமல் நம்பகமான உறவினருக்குக் கொடுப்பதே நல்லது.