மலையக வானத்துக்கு ஒரு மரப்பெட்டிக் கமரா: பெரிய பிலிமில் நட்சத்திரக் கோடுகள்

பெரிய பிலிம் கமரா என்றதும் துருத்தி, ஷட்டர், முன்னும் பின்னும் நகரும் சட்டம் எல்லாம் நினைவுக்கு வந்து பலரும் விலகிவிடுகிறார்கள். இரவு வானத்துக்கு அதில் ஒன்றுமே தேவையில்லை. நட்சத்திரங்கள் எல்லாம் எட்டாத தொலைவில் இருப்பதால் போகஸை ஒரே ஒருமுறை சரிசெய்து திருகாணி போட்டுப் பூட்டிவிடலாம். வானம் நகர நகர நட்சத்திரம் கோடாக விழும்படி படம் மணிக்கணக்கில் பதிவாவதால் லென்ஸ் மூடியே ஷட்டர். மிஞ்சுவது ஒரே ஒரு அளவு, லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரம். உங்கள் பொறுமை முழுவதையும் அங்கே செலவழியுங்கள்.

சாமான்கள்

பழைய 4×5 அங்குல பிலிம் ஹோல்டர் (பிலிமை வெளிச்சம் படாமல் வைத்திருக்கும், உருவியெடுக்கும் தகடுள்ள சட்டம்) ஒன்று, 4×5 நெகட்டிவுக்கென்று செய்த 150 மி.மீ. குவியத்தூர என்லார்ஜர் லென்ஸ் (நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவியின் லென்ஸ்) ஒன்று. இவை இரண்டும்தான் தேடி வாங்க வேண்டியவை. ப்ளைவுட், கரும்பலகைப் பெயின்ட், கறுப்பு வெல்வெட் துணி, ஜன்னல் கண்ணாடித் துண்டு ஆகியவை எந்த டவுனிலும் கிடைக்கும்.

பெட்டி

தீப்பெட்டி போல ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு பெட்டிகள் செய்யுங்கள். வெளிப்பெட்டியின் முன்பக்கம் லென்ஸ், உட்பெட்டியின் பின்பக்கம் ஹோல்டர். ஹோல்டரை முதலில் கையில் எடுத்து அளந்துவிட்டுத்தான் மரத்தை வெட்ட வேண்டும். லென்ஸில் 150 என்று எழுதியிருப்பதை நம்பி ஆழத்தை முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் அந்த அளவு லென்ஸின் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். இரண்டு சென்ரிமீற்றராவது நழுவ இடம் விடுங்கள். உள்ளே முழுக்கக் கரும்பலகைப் பெயின்ட். இரண்டு பெட்டிகளும் உரசும் இடத்தில் வெல்வெட் ஒட்டினால் வெளிச்சம் புகாது. வெளியே வார்னிஷ் அடிக்காமல் விடவே கூடாது, நம் மூடுபனியில் ப்ளைவுட் ஊதிவிடும். அடியில் ட்ரைபொட்டுக்கு ஒரு கால் அங்குல நட்டைப் பதித்துவிட்டால் பெட்டி வேலை முடிந்தது.

போகஸ்

இதுதான் உயிர்நாடி. கண்ணாடித் துண்டின் ஒரு பக்கத்தை, கராஜில் வால்வ் தேய்க்கப் பயன்படுத்தும் பேஸ்ட்டால் இன்னொரு கண்ணாடியை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தால், பிலிமின் இடத்தில் வைத்து உருவத்தைப் பார்க்கும் மங்கல் கண்ணாடி தயார். ஹோல்டருக்குள் ஒரு பழைய பிலிமைப் போட்டு, ஹோல்டரின் முகத்திலிருந்து பிலிம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வேர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 4×5 ஹோல்டரில் அது ஏறத்தாழ 5 மி.மீ. இருக்கும். மங்கல் கண்ணாடியை அதே ஆழத்தில், தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி ஒரு சட்டத்தில் பொருத்துங்கள். பிறகு சில கிலோமீற்றர் தள்ளியுள்ள ஒரு கோபுர விளக்கையோ பிரகாசமான நட்சத்திரத்தையோ, லென்ஸை முழுக்கத் திறந்து, உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் பெட்டியைத் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். f/8 இல் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது) எடுக்கும்போது 0.4 மி.மீ. அளவுக்குப் பிசகினால் தாங்கும், அதற்கு மேல் கோடு தடித்துவிடும்.

எந்த பிலிம்?

பழக ஆரம்பிப்பவர்களுக்கு மருத்துவ எக்ஸ்ரே பிலிம்தான் நல்லது என்பேன். கடும் சிவப்பு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே வெட்டலாம், ஏற்றலாம், ட்ரேயில் கழுவலாம். 4×5 ஐ விட ஒரு மயிரிழை சிறிதாக வெட்டுங்கள். ஆனால் அதற்குச் சிவப்பு தெரியாது, ஆகவே சிவந்த நட்சத்திரங்களான திருவாதிரையும் கேட்டையும் கண்ணுக்குத் தெரிவதைவிட மங்கலாகவே விழும். சாதாரண கறுப்பு வெள்ளை பிலிம் என்றால் முழு இருட்டு வேண்டும். நெடுக்காகப் பிடித்து, விளிம்பிலுள்ள வெட்டுக்குறி மேல் வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் பூச்சுள்ள பக்கம் உங்களைப் பார்க்கிறது.

எவ்வளவு நேரம்?

வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 150 மி.மீ. லென்ஸில், வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகிலுள்ள நட்சத்திரம் ஒரு மணித்தியாலத்தில் பிலிமில் ஏறத்தாழ 39 மி.மீ. கோடு இழுக்கும். அப்படியென்றால் பிலிமின் ஒரு புள்ளியில் அது நிற்பது நாலைந்து விநாடிதான்! நீண்ட நேரம் திறந்து வைப்பதால் கோடு பிரகாசமாகாது, நீளும், அவ்வளவே. மங்கலான நட்சத்திரமும் வேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும். பின்னணி வானம் வெளுக்குமே என்று பயப்பட வேண்டாம், நீண்ட பதிவில் பிலிமின் வேகம் (ஒளியை உணரும் திறன்) தானாகக் குறைவது இங்கே நமக்கு உதவிதான். f/8, ஒரு மணித்தியாலம் என்று தொடங்குங்கள்.

நாம் இருப்பது வட அகலாங்கு 7 பாகை அளவில். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் அவ்வளவே உயரம் என்பதால் பெரும்பாலும் ஏதாவது மலை அதை மறைத்துவிடும். வெளிநாட்டுப் படங்களில் வரும் முழு வட்டங்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். நமக்குக் கிடைப்பது வேறு. பெப்ரவரி முன்னிரவில் ஓரியன் (வேட்டைக்காரன்) நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பிலுள்ள மூன்று நட்சத்திரங்களும் ஏறத்தாழ உச்சிக்கு வந்து நேர்க்கோடாக ஓடும், இரண்டு பக்கத்து நட்சத்திரங்களும் எதிரெதிராக வளையும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். தென்மேல் பருவமழை அங்கே கொட்டும்போது வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் போய்ப் பாருங்கள்.

களத்தில்

நிலவில்லாத இரவு. தோட்டத்துக்குள் என்றால் வாச்சர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிறுத்தை நடமாட்டம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும், அவருடைய டோர்ச்சும் படத்தில் விழாது. ட்ரைபொட்டில் கல் நிரப்பிய பை ஒன்றைத் தொங்கவிடுங்கள். பனிக்கு, லென்ஸைச் சுற்றிக் கறுப்பு அட்டைக் குழாயும், துணியில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலும் போதும். ஹோல்டரின் தகட்டை உருவியதும் உடனே மூடியைத் திறக்காமல் கால் மணித்தியாலம் காத்திருங்கள். ஈரக்காற்றில் பிலிம் மெல்ல வளையும், அது நடுவில் நடந்தால் கோடு முறிந்துவிடும்.

முடிந்ததும் தகட்டைத் திரும்பப் போட்டு, ஹோல்டரை அங்கேயே பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். வீட்டுச் சூட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் கழித்துப் பையைப் பிரித்தால் பிலிமில் நீர் கோக்காது, அப்புறம் கழுவலாம்.