உரித்த மாட்டுடலின் அளவுகளைக் கொண்டு விற்பனை இறைச்சியைக் கணிப்பது எப்படி

உரித்த மாட்டுடலைத் துண்டு போட்டு எடை பார்ப்பதற்கு முன்பே, அதில் விற்பனைக்குரிய இறைச்சி எவ்வளவு தேறும் என்பதை நான்கு அளவுகளைக் கொண்டு ஓரளவு நம்பிக்கையுடன் கணிக்கலாம். இங்கே விளக்கப்படுவது அமெரிக்க மாட்டிறைச்சி விளைச்சல் தரப்படுத்தலுடன் (உடலில் எவ்வளவு இறைச்சி தேறும் என்பதை வைத்துத் தரம் பிரிப்பதுடன்) சேர்ந்து வழங்கிவரும் சமன்பாடு. அது அங்குலத்திலும் பவுண்டிலும் அமைந்திருப்பதால், மெட்ரிக் அளவுகளை எடுத்தவர்கள் முதலில் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் (1 அங்குலம் 2.54 செ.மீ.; 1 பவுண்டு 0.4536 கிலோ).

குளிரூட்டிய உடலின் ஒரு பாதியை 12ஆம், 13ஆம் விலா எலும்புகளுக்கு இடையே குறுக்காக வெட்டினால், முதுகெலும்பை ஒட்டி ஓடும் ரிப்-ஐ தசையின் முகம் தெரியும். வெட்டு செங்குத்தாக இருப்பது மிக முக்கியம். சாய்ந்துவிட்டால் தசையின் பரப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்து, கணிப்பும் கூடிவிடும். 0.1 சதுர அங்குலக் கட்டங்கள் அச்சிட்ட ஒளிபுகும் தாளைத் தசையின் மேல் வைத்து, மையப்புள்ளி தசைக்குள் விழும் கட்டங்களை எண்ணிப் பத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும்.

கொழுப்பின் தடிமனே நான்கில் அதிகக் கவனம் கேட்பது. முதுகெலும்புப் பக்கத்திலிருந்து தசையின் நீளத்தில் முக்கால் பங்கு தள்ளியுள்ள இடத்தில், தசைக்கு வெளியே உள்ள கொழுப்பை அதன் மேற்பரப்புக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். ஆனால் அந்த ஒரே இடம் உடல் முழுவதற்கும் சான்றாகிவிடாது: தோலை உரிக்கும்போது அங்கே கொழுப்பு பிய்ந்து போயிருக்கலாம், அல்லது மார்பிலும் விலாப்பக்கத்திலும் இடுப்பிலும் வழக்கத்துக்கு மேல் கொழுப்பு திரண்டிருக்கலாம். அப்போது அளந்த எண்ணைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ திருத்த வேண்டும். இந்தத் திருத்தம் அளவுகோலுக்கு அன்று, பழகிய கண்ணுக்கே கைவரும்.

சிறுநீரகம், இடுப்பறை, இதயம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள உட்கொழுப்பு, உடல் எடையில் எத்தனை விழுக்காடு என்று பெரும்பாலும் கண்ணால் மதிப்பிடப்படுகிறது. பல உடல்களில் அது 1 முதல் 4 வரை இருக்கும். எடை என்பது குளிரூட்டுவதற்கு முந்தைய எடை. அது குறிக்கப்படவில்லை என்றால், குளிர்ந்த எடையை 1.02ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

இனி 51.34 என்ற எண்ணிலிருந்து, கொழுப்புத் தடிமனை 5.78ஆலும், உட்கொழுப்பு விழுக்காட்டை 0.462ஆலும், எடையை 0.0093ஆலும் பெருக்கிக் கழித்து, தசைப் பரப்பை 0.740ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 800 பவுண்டு எடை, 0.5 அங்குலக் கொழுப்பு, 2.5 விழுக்காடு உட்கொழுப்பு, 13 சதுர அங்குலத் தசை உள்ள உடலுக்கு, 51.34 − 2.89 − 1.155 − 7.44 + 9.62 என்று 49.475 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 396 பவுண்டு வருகிறது. கொழுப்பை 0.1 அங்குலம் குறைத்து அளந்திருந்தால் மட்டும், இந்த உடலில் உண்மையில் இல்லாத இறைச்சியை நாலரைப் பவுண்டுக்கும் அதிகமாகக் கணக்கில் சேர்த்திருப்போம்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்த விழுக்காடு பின்தொடை, இடுப்பு, விலா, தோள் ஆகிய நான்கு பெரும்பகுதிகளிலிருந்து எலும்பு நீக்கி, கொழுப்பை ஒட்டச் சீவி எடுத்த துண்டுகளை மட்டுமே குறிக்கும். மார்பு, அடிவயிறு, முன்னங்கால் இறைச்சியும் அரைப்பதற்கான சீவல்களும் இதில் சேரா. ஆகவே மொத்த விற்பனை இறைச்சி இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எலும்போடு விற்றால் இன்னும் கூடும். தசைக்குள் இழையோடும் கொழுப்பு சுவைத்தரத்தைச் சார்ந்தது. அதை இங்கே கலக்கக் கூடாது.

சீவும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால், முதலில் சில உடல்களைக் கணித்துவிட்டு, அதே நான்கு பகுதிகளை வெட்டி எடை போட்டுப் பார்ப்பது நல்லது. வேறுபாடு எப்போதும் ஒரே பக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால், 51.34 என்ற எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும். அது இரு பக்கமும் சிதறினால், கொழுப்பை அளந்த இடத்தையும் வெட்டின் சாய்வையும் மறுபடி சோதிக்க வேண்டும்.