தடைக்காலத்தில் விசைப்படகை இறக்காதீர்கள்: டெபியன் உறைநிலையில் நாம் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் கிழிந்த வலையைப் பின்னுவதும்தான் வேலை. 2025-இல் அதே ஏப்ரல் 15 அன்றுதான் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்புக்கான மென் உறைநிலையும் தொடங்கியது. வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்தும் காலம்தான் உறைநிலை. தற்செயல்தான், ஆனால் புதிதாகப் பொதி (டெபியனில் நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) பராமரிக்க வந்த தம்பி தங்கைகளுக்கு அதை விளக்கும் வேலை எனக்கு அந்த ஆண்டு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆழ்கடலுக்குப் போகக் கூடாது, பழுது பார்க்கலாம். நாட்டுப்படகுக்குத் தடையில்லை என்பதால் கரையோரமாகப் போய்வரலாம். குறிப்பிட்ட ஒரு வழுவை (நிரல் பிழையை) மட்டும் தொடும் சின்னத் திருத்தம்தான் நம் நாட்டுப்படகு.

கட்டங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டெபியன் 13, அதாவது டிரிக்சி, 2025 மார்ச் 15-இல் நூலக (மற்ற நிரல்கள் சார்ந்திருக்கும் நிரல்தொகுப்பு) மாற்றங்களை நிறுத்தியது; அதுதான் முதல் கட்டம். ஏப்ரல் 15-இல் மென் உறைநிலை, மே 15-இல் கடும் உறைநிலை, ஜூலை 27-இல் முழு உறைநிலை. ஆகஸ்ட் 9-இல் வெளியானது. நாம் பதிவேற்றும் பொதி முதலில் அன்ஸ்டேபிள் என்ற களஞ்சியத்தில் விழும். சில நாள் அங்கே கிடந்து, பெரிய வழு எதுவும் வராமல், சோதனைகளிலும் தேறினால் பிரிட்னி என்ற நிரல் அதை டெஸ்டிங் என்ற அடுத்த களஞ்சியத்திற்கு நகர்த்தும். டெஸ்டிங்தான் பிறகு ஸ்டேபிளாக, அதாவது எல்லோருக்குமான நிலையான பதிப்பாக வெளியாகிறது.

முதல் தவறு இந்த நகர்வைக் கணக்கில் சேர்க்காமல் தேதியைப் படிப்பது.

“அண்ணா, மே 9-ஆம் தேதியே அனுப்பிவிட்டேன். 15-ஆம் தேதிதானே கடைசி? ஏன் இன்னும் போகவில்லை?” என்று கேட்டான் தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவன். அந்த 15-ஆம் தேதி, பொதி டெஸ்டிங்கிற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாள். வழக்கமான காலத்தில் ஐந்து நாளில் நகரும் பொதி மென் உறைநிலையில் பத்து நாள் காத்திருக்க வேண்டும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் முதலில் அனுப்பியது மே 3-ஆம் தேதி. அப்படியே விட்டிருந்தால் 13-ஆம் தேதி போய்ச் சேர்ந்திருக்கும். மாற்றக் குறிப்பில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டதாம். அதைத் திருத்தி 9-ஆம் தேதி மறுபடி பதிவேற்றினான். புதிய பதிப்பு வந்தால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எழுத்துப்பிழைக்காக யாரும் உறைநிலையில் பதிவேற்ற வேண்டாம்; அது மாற்றக் குறிப்பிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நானே செய்தது. 2023 ஜனவரி கடைசியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற டெபியன் சந்திப்பு நடந்தபோது டெபியன் 12-இன் முதல் கட்ட உறைநிலை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அங்கிருந்து கொண்டுவந்த உற்சாகம் மார்ச் வரை தணியவில்லை. என் பொதி ஒன்று டெஸ்டிங்கில் 1.4.2 ஆக இருந்தது. அந்த மென்பொருளை எழுதும் மூல ஆசிரியர் 2.0.0 வெளியிட்டார். கடும் உறைநிலையில் அது டெஸ்டிங்கிற்குப் போகாது என்று எனக்குத் தெரியும். “அன்ஸ்டேபிளில்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்று ஏற்றிவிட்டேன். அடுத்த வாரமே 1.4.2-இல் தரவு அழியும் வழு ஒன்று பதிவானது. திருத்தம் மூன்றே வரிதான். டெஸ்டிங்கிற்கு எதுவும் அன்ஸ்டேபிள் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே 2.0.0 குறுக்கே கிடக்கிறது. அதைவிடக் குறைந்த எண்ணை அன்ஸ்டேபிள் ஏற்காது.

கடைசியில் 2.0.0 என்ற எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறி, ‘ரியலி’ என்ற சொல், அதன் பின் 1.4.2 என்று ஒட்டி அனுப்பினேன். மேலுக்கு 2.0.0, உள்ளே உண்மையில் 1.4.2. அந்த அசட்டு எண் அந்தப் பொதியின் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கிறது. இதற்கென்றே எக்ஸ்பெரிமென்டல் என்ற களஞ்சியம் இருக்கிறது. புதிய பதிப்பை அங்கே ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தால், அன்ஸ்டேபிள் பாதை திருத்தங்களுக்குத் திறந்தே இருந்திருக்கும். டெஸ்டிங்கிற்கு நேராக ஏற்றும் கொல்லைப்புற வழியும் ஒன்று உண்டு. வெளியீட்டுக் குழு அனுமதித்தால்தான் அது திறக்கும். அந்த வழியில் வரும் பொதியை அன்ஸ்டேபிள் பயனர்கள் யாரும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் குழுவுக்கு அதில் விருப்பம் குறைவு.

நூலகப் பொதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூலகத்தின் பெயரிலேயே இருக்கும் இடைமுக எண் மாறினால், அதைச் சார்ந்த பொதிகள் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். முகூர்த்தத்தை மாற்றிவிட்டுச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பதற்கும், வெளியீட்டுக் குழுவிடம் கேட்காமல் அந்த எண்ணை மாற்றுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் கட்ட உறைநிலைக்குப் பிறகு இதை நினைத்தே பார்க்காதீர்கள்.

கடும் உறைநிலை தொடங்கிய பின் முக்கியப் பொதிகளும் தானியங்கிச் சோதனை இல்லாத பொதிகளும் தாமாக நகராது. நகர அனுமதி கேட்டு வெளியீட்டுக் குழுவுக்கு அன்பிளாக் கோரிக்கை அனுப்ப வேண்டும். சோதனை வைத்திருக்கும் சாதாரணப் பொதிக்கு இருபது நாள் பொறுத்தால் போதும். சோதனை எழுதச் சோம்பல்படுபவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. தேவனாம்பட்டினத்துத் தம்பி சோதனை எழுதவில்லை. ஆகவே கோரிக்கை எழுத உட்கார்ந்தோம்.

அவன் எழுதிய முதல் வரைவு ஒரே வரி: “முக்கியமான திருத்தம், தயவுசெய்து அனுமதிக்கவும்.” கோரிக்கையைப் படிப்பவர் ஒரு தன்னார்வலர். அவர் முன்னால் இதுபோல நூற்றுக்கணக்கில் கிடக்கும். என்ன வழு, திருத்தாவிட்டால் பயனருக்கு என்ன ஆகும், எப்படிச் சோதித்தீர்கள், திருத்தமே எதையாவது உடைக்க வாய்ப்பு உண்டா என்ற நான்குக்கும் அவர் கேட்காமலே விடை இருக்க வேண்டும். டெஸ்டிங்கில் உள்ள பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை டெப்டிஃப் கட்டளையால் எடுத்து இணைக்க வேண்டும். அனுப்புமுன் அதை நாமே ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். தம்பியின் டெப்டிஃப் நானூறு வரிக்கு மேல் ஓடியது. உண்மையான திருத்தம் ஆறு வரி. மீதி எல்லாம் போகிற போக்கில் சரிசெய்த இடைவெளிகள், பொதி கட்டும் கருவியான டெப்ஹெல்பரின் நிலை உயர்வு, மறுபடி மடித்து எழுதப்பட்ட மொழிபெயர்ப்புக் கோப்புகள். எல்லாவற்றையும் கழற்றி ஆறு வரியோடு அனுப்பினோம். இரண்டு நாளில் அனுமதி வந்தது. மொழிபெயர்ப்புக்கும் ஆவணத் திருத்தத்துக்கும் உறைநிலையிலும் இடம் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தயங்க வேண்டாம். மாறாத வரிகளைத் தொடாமல் இருந்தால் சரி.

சின்னதாகத் தெரிந்தாலும் வாரங்களை விழுங்கும் இடறல்கள் இன்னும் உண்டு. நம் மடிக்கணினியில் கட்டிய இருமத்தை (ஓடத் தயாரான கோப்பை) சேர்த்து ஏற்றினால் அது டெஸ்டிங்கிற்கு நகராது. மூல நிரலை மட்டும் ஏற்றி, டெபியனின் கட்டும் இயந்திரங்களிடம் விட வேண்டும். புத்தம்புதுப் பொதிக்கு முதல்முறை இருமமும் கேட்பார்கள். அது ஏற்கப்பட்டதும் மூலத்தை மட்டும் இன்னொரு முறை ஏற்ற மறந்துவிட்டு, “ஏன் நகரவில்லை?” என்று விழிப்பவர்களை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கிறேன். நம் வீட்டில் ஓடியது எஸ்390எக்ஸ் என்ற ஐபிஎம் பெருங்கணினிக் கட்டமைப்பில் உடையலாம். அதில் பைட் வரிசையே தலைகீழ். ஏற்றியதோடு தூங்கப் போகாமல் எல்லாக் கட்டமைப்புகளின் கட்டுமானப் பதிவுகளையும் மறுநாள் ஒரு பார்வை பாருங்கள்.

தானாக நீக்கப்படும் என்று வரும் எச்சரிக்கை மின்னஞ்சலைக் குப்பை என்று தள்ளுவது இவை எல்லாவற்றிலும் மோசமானது. வெளியீட்டைத் தடுக்கும் வழு உங்கள் பொதியில் இல்லாமல், அது சார்ந்திருக்கும் வேறு பொதியில் இருந்தாலும் அந்த மின்னஞ்சல் வரும். மென் உறைநிலை தொடங்கிய பிறகு டெஸ்டிங்கிலிருந்து வெளியேறிய பொதி அந்த வெளியீட்டுக்குள் திரும்ப வராது. அடுத்த வெளியீடு வர இரண்டு ஆண்டு ஆகும். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த வழுவின் இழையில் உண்மையாக ஒரு பதில் எழுதினால் நீக்கும் நாள் தள்ளிப்போகும். புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகும்போதே கைப்பேசியில் எழுதிவிடக்கூடிய பதில்தான் அது.